யாருடைய வெள்ளி?

வங்கிக்குப் பணம் செலுத்தப் போகிறவர்களை நாம் அறிவோம். பணம் எடுக்கப் போகிறவர்களையும் அறிவோம். சில்லறை நாணயங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து, அவற்றுள் வெள்ளி நாணயம் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மீதியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களும் இவ்வுலகில் இருக்கிறார்கள் என்று சொன்னால் உங்களில் பலர் புன்னகை செய்வீர்கள். மும்பையில் ஒரு வங்கியின் காசாளர் கூண்டுக்குள் 31 ஆண்டுகள் அமர்ந்திருந்த எனக்கும் அது புதுச் செய்தியாகவே இருந்தது.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் டிசம்பர் வரை, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் என் மகளுடைய வீட்டில் நானும் என் மனைவியும் தங்கியிருந்தோம். பிழைப்புக்காகத் திருநெல்வேலிச் சீமையை விட்டு மும்பைக்கு வந்தவன் நான். மும்பையை விட்டு அதனினும் தூரமாய்ப் போனவள் என் மகள். பகலில் மகளும் மருமகனும் வேலைக்குச் சென்றுவிடுவார்கள். பேரன் பள்ளிக்குச் சென்றுவிடுவான். தெருவில் மனித நடமாட்டமே இராது. அப்படிப்பட்ட ஒரு பகற்பொழுதில், பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் வீட்டு முன்தாழ்வாரத்தில் மேசை போட்டு, நாணயங்களைக் குவித்து வைத்து, ஒவ்வொன்றின் விளிம்பையும் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். காசு எண்ணும் கையைக் கண்டால் காசாளனுடைய கால் நகராது. நான் நின்று பார்ப்பதைக் கண்ட அவர், கையசைத்து அழைத்து நாற்காலி போட்டார்.

அவருக்கு வயது 74. டயர் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து தனியே வாழ்கிறவர். என்னுடைய ஆங்கிலம் அவருக்குப் பாதி புரியும். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதி புரியும். ஆனால் நாணயம் எண்ணுவதற்கு மொழி அதிகம் வேண்டியதில்லை. அன்று முதல் வாரத்தில் இரண்டு நாள் அவருடைய மேசையில் எனக்கும் ஓர் இடம் உண்டாயிற்று.

வெள்ளி வந்ததும் போனதும்

முதலாவது, சில்லறைக்குள் வெள்ளி எப்படி வந்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1964 வரையிலான ஆண்டு பொறித்த 10 சென்ட், கால் டாலர், அரை டாலர் நாணயங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. பத்துப் பங்கு செம்பு. அரை டாலர் ஒன்றின் எடை 12.5 கிராம். 1960களில் வெள்ளியின் விலை ஏறத் தொடங்கிற்று. ஓர் அவுன்ஸ் வெள்ளி 1.38 டாலரைத் தாண்டினால், அரை டாலரில் உள்ள வெள்ளியே அரை டாலருக்கு மேல் விலை பெற்றுவிடும். அப்புறம் அதைக் கடையில் கொடுத்து ரொட்டி வாங்குகிறவன் யார்? ஜனங்கள் வெள்ளிக் காசைப் பதுக்கினார்கள். நாடெங்கும் சில்லறைத் தட்டுப்பாடு உண்டாயிற்று.

ஆகையால் 1965ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன் புதிய நாணயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 10 சென்ட், கால் டாலர் நாணயங்களிலிருந்து வெள்ளி முற்றிலும் நீங்கிற்று. செம்பை நடுவில் வைத்து, இருபுறமும் செம்பும் நிக்கலும் கலந்த தகட்டைப் பொருத்திய நாணயம் வந்தது. அரை டாலரில் மட்டும் வெள்ளியை 40 சதவீதமாகக் குறைத்து 1970 வரை வைத்திருந்து, 1971 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். இவையன்றி, இரண்டாம் உலகப் போரில் நிக்கல் உலோகம் ஆயுதத்துக்குத் தேவைப்பட்டபடியால், 1942இன் பிற்பகுதி முதல் 1945 வரை 5 சென்ட் நாணயத்தில் 35 சதவீத வெள்ளியைக் கலந்தார்கள். அந்த 5 சென்ட்டின் பின்புறத்தில், கட்டடத்தின் கும்மட்டத்துக்கு மேலே பெரிய எழுத்து ஒன்று இருக்கும், அதுவே அடையாளம்.

நம் தேசத்திலும் இதே கதைதான் நடந்தது; ஆனால் முடிவு வேறு. 1835 முதல் நம்முடைய ரூபாய் ஒரு தோலா எடையுள்ளது. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940இல் போரின் நெருக்கத்தில் அது பாதியாகக் குறைக்கப்பட்டது: பாதி வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். விக்டோரியா ராணியின் தலை பொறித்த பழைய ரூபாய்களை அரசாங்கம் தவணை குறித்துத் திரும்பப் பெற்றது. பிற்பாடு மற்ற மன்னர்களின் ரூபாய்களையும் பெற்றது. போருக்குப் பின் நிக்கல் ரூபாய் வந்தது. போர்க்காலத்தில் நாணயம் அடிக்க அமெரிக்காவிடமிருந்து 22 கோடி அவுன்ஸுக்கு மேல் வெள்ளியை இந்தியா கடனாகப் பெற்றிருந்தது. புழக்கத்திலிருந்து திரும்பிய அந்தப் பாதி வெள்ளி ரூபாய்களை உருக்கியே அக்கடனில் பெரும்பகுதியை 1950களில் தீர்த்தது. நம் தாத்தாக்கள் கைமாற்றிய ரூபாய் கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிற்று என்பது நம்மில் அநேகர் அறியாத சரித்திரம்.

ஆகவே நம் ஊரில் எந்த வங்கியில் எத்தனை மூட்டைச் சில்லறை வாங்கினாலும் வெள்ளி அகப்படாது. பழைய நாணயத்தைச் செல்லாததாக்குவது நம் வழக்கம். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமற்போனதை நான் கூண்டுக்குள் இருந்தே பார்த்தவன். அமெரிக்காவிலோ 1950ஆம் ஆண்டின் அரை டாலர் இன்றைக்கும் சட்டப்படி அரை டாலர்தான். வங்கி அதை அப்படியே வாங்கும், அப்படியே கொடுக்கும். அந்த ஒரு வாசல் திறந்திருப்பதால்தான் இந்தத் தேடல் நடக்கிறது.

தேடும் முறை

வங்கியில் கணக்கு வைத்திருக்கிறவர் கேட்டால் நாணயங்களைக் காகிதச் சுருளாகக் கொடுப்பார்கள். அரை டாலர் 20 சேர்ந்தது ஒரு சுருள், 10 டாலர். ஐம்பது சுருள் சேர்ந்தது ஒரு பெட்டி. 1,000 நாணயம், 500 டாலர். பெட்டி வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கடைகளிலும் கேட்கலாம். அமெரிக்கக் கல்லாப்பெட்டியில் அரை டாலருக்கென்று தனி அறை பெரும்பாலும் இராது. யாராவது கொடுத்தால் கடைக்காரர் அதைத் தட்டுக்கு அடியில் போட்டுவைப்பார். நோட்டைக் கொடுத்துக் கேட்டால் மகிழ்ச்சியோடு மாற்றித் தருவார். பேரங்காடிகளில் சில்லறை எண்ணும் இயந்திரம் உண்டு. வெள்ளி நாணயத்தின் எடையும் உலோகமும் வேறாயிருப்பதால் இயந்திரம் அதைப் பலமுறை துப்பிவிடும். போட்டவர் கவனியாமல் போய்விட்டால், அந்தத் தட்டில் அது கிடக்கும்.

பார்க்கும் விதம் எளிது. நாணயங்களை அடுக்கிப் பக்கவாட்டில் பார்த்தால், புதிய நாணயத்தின் விளிம்பில் செம்பு ரேகை சிவப்பாய் ஓடும். 90 சதவீத வெள்ளியின் விளிம்பு முழுவதும் வெண்மையாயிருக்கும். 40 சதவீத வெள்ளியில் ரேகை மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். அங்கேதான் கண் ஏமாறும், ஆண்டைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். மேசையில் போட்டால் வெள்ளி கணீரென்று ஒலிக்கும். மற்றது தட்டென்று விழும். முப்பது ஆண்டு நாணயம் எண்ணிய என் காதுக்கு இரண்டாம் நாளே அந்த வேறுபாடு பிடிபட்டது.

பெரியவருக்குச் சில நியமங்கள் இருந்தன. வாங்குகிற வங்கி வேறு, திரும்பச் செலுத்துகிற வங்கி வேறு. ஒரே காசாளருக்கு இரட்டை வேலை கொடுக்கலாகாது. திரும்பக் கொடுக்கும் சுருளில் ஒரு நாணயமும் குறையலாகாது. கூட்டம் நிற்கும் நேரத்தில் போகலாகாது. இவற்றைக் கேட்டபோது, இப்படிப்பட்ட வாடிக்கையாளர் எனக்குக் கிடைத்திருந்தால் எத்தனை நன்றாயிருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பெரியவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் அவர் கண்டெடுத்த அரை டாலர்களில் 90 சதவீத வெள்ளி 41. 40 சதவீத வெள்ளி 118. அந்நாட்களில் ஓர் அவுன்ஸ் வெள்ளி 20 டாலரைச் சுற்றி இருந்தது. முந்தினதில் ஒன்றுக்கு 0.36 அவுன்ஸ் வெள்ளி. ஏறக்குறைய 7 டாலர். பிந்தினதில் ஒன்றுக்கு 0.15 அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய 3 டாலர். ஆகமொத்தம் 640 டாலர். ஒரு பெட்டியைப் பார்த்துத் திரும்பச் சுருட்ட இரண்டு மணி நேரம் ஆகும். வங்கிக்குப் போய்வரக் காருக்கு எரிபொருள் வேண்டும். அநேகப் பெட்டிகளில் ஒரு வெள்ளிக் காசும் இராது. நான் கணக்கிட்டுப் பார்த்தேன். பிழைப்புக்கு இது வழியல்ல. அவரும் அதை அறிவார். மனைவி போனபின் பகலைக் கழிப்பதற்கு அவர் கண்ட வேலை இது.

நான்கு சுருள்கள்

அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு நாள், அவர் வழக்கமாய்ப் போகும் வங்கியின் காசாளப் பெண்மணி, “நேற்று ஒருவர் செலுத்தியது, உங்களுக்கு ஆகும்” என்று சொல்லி, பெட்டியில் அடங்காத நான்கு அரை டாலர் சுருள்களை எடுத்துக் கொடுத்தாள். 40 டாலர் கொடுத்து வாங்கிவந்தார். அன்று நானும் மேசையருகே இருந்தேன்.

அவை இயந்திரம் சுற்றிய சுருள்கள் அல்ல. வீட்டில் கையால் சுற்றியவை. காகிதம் பழுத்துப் பழுப்பேறியிருந்தது. ஒவ்வொன்றின்மேலும் அழகான சாய்வெழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: கிறிஸ்துமஸ் 1961; கிறிஸ்துமஸ் 1963; கிறிஸ்துமஸ் 1964; கிறிஸ்துமஸ் 1967. பெரியவர் காகிதத்தைக் கிழிக்காமல் ஓரத்தை மெல்லப் பிரித்தார். முதல் மூன்று சுருளும் முழுவதும் 90 சதவீத வெள்ளி. நான்காவது 40 சதவீத வெள்ளி. ஏறக்குறைய 25 அவுன்ஸ் வெள்ளி; அன்றைய விலையில் 490 டாலர். ஒன்பது ஆண்டுகள் உழைத்துக் கிடைத்ததில் முக்கால் பங்கு, ஒரே நாளில் 40 டாலருக்கு வந்துவிட்டது.

அவர் ஆர்ப்பரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அந்தக் காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பொழுது பணம் தேவையாயிருந்தது என்பதையும் நான் அறிவேன். வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, செப்பனிட 600 டாலர் கேட்டிருந்தார்கள். குளிர்காலமோ வாசலில் நின்றது. ஒஹையோவின் குளிரில் உலையின்றி ஒரு முதியவர் இருக்க முடியாது.

அன்று இரவு உணவின்போது இந்தச் சங்கதியை வீட்டில் சொன்னேன். என் மருமகன் நியாயமாகவே பேசினார். “மாமா, அவர் திருடவில்லை, ஏமாற்றவில்லை. வங்கி விற்றது, அவர் கேட்ட விலை கொடுத்து வாங்கினார். இதற்காகத்தானே ஒன்பது வருஷம் காத்திருந்தார்? செலுத்தினவர் பார்த்துச் செலுத்தியிருக்க வேண்டும்” என்றார். என் மகள், “அந்த எழுத்தை எழுதினவர்தான் செலுத்தினாரா என்பது தெரியாதே” என்றாள். பேரனோ, “தாத்தா, பேர் எழுதின பென்சில் கிடைத்தால் டீச்சரிடம் கொடுக்கச் சொல்வார்கள், பேர் இல்லாத பென்சிலை நாமே வைத்துக்கொள்ளலாம்” என்றான். பெரியவர்கள் இருவரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது.

வங்கிக் கூண்டில் எங்களுக்கும் ஒரு முறை உண்டு. மாலையில் கணக்கை முடிக்கும்போது பணம் குறைந்தால் காசாளர் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். பணம் மிகுந்தால் அது காசாளருக்கு உரியதல்ல. புத்தகத்தில் எழுதி, உரியவர் வரும்வரை தனிக் கணக்கில் வைக்க வேண்டும். குறைந்தால் என்னுடையது, மிகுந்தால் பிறனுடையது. கேட்பதற்கு அநியாயமாய்த் தோன்றும் இந்த முறைதான் காசாளனுடைய கையைச் சுத்தமாய் வைத்திருந்தது. ஆனால் இங்கே நிலைமை வேறு. கூடுதலாய் வந்த பணம் அல்ல இது. சட்டப்படி விற்று, சட்டப்படி வாங்கியது. எந்தப் புத்தகத்திலும் இதை எழுத இடமில்லை.

மறுநாள் பெரியவர் என்னிடம் கேட்டார்: “நீ காசாளராயிருந்தவன், செலுத்தினவர் யாரென்று வங்கியில் சொல்வார்களா?” சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது என்றேன். வாடிக்கையாளருடைய பெயரை வெளியே சொல்வது எந்த நாட்டுக் காசாளருக்கும் தகாது. ஆனால் ஒரு கடிதத்தை ஒட்டிக் கொடுத்தால், அதை அவரிடம் சேர்ப்பிக்க மனமுள்ள காசாளர் இருப்பார் என்றேன். அன்றே ஒரு கடிதம் எழுதினார். நான்கு வரிதான். நான்கு ஆண்டுகளின் பெயரையும் குறிப்பிட்டு, இவை வெள்ளி நாணயங்கள், தெரிந்தே செலுத்தினீர்களானால் நல்லது, தெரியாமல் செலுத்தியிருந்தால் 40 டாலரோடு வாருங்கள் என்று எழுதி, தம் தொலைபேசி எண்ணையும் இட்டார். காசாளப் பெண்மணி மேலாளரைக் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கடந்தது, ஒருவரும் அழைக்கவில்லை. இரவில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிற்று. பெரியவர் ஒரு சிறிய மின்சாரக் கணப்பை வைத்துச் சமாளித்தார். என் மருமகன், “இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு விற்றுவிடச் சொல்லுங்கள் மாமா, அதற்குமேல் காத்திருப்பது நியாயமல்ல” என்றார். அதிலும் குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் ஒரு மனிதர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். அவருடைய தாயாரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, வீட்டை விற்பதற்காக ஒழித்துக்கொண்டிருந்தாராம். அலமாரியில் இருந்த சில்லறை எல்லாவற்றையும் பார்க்காமலே அள்ளி வங்கியில் போட்டாராம். கடிதம் கிடைத்தபோது பெரிதாய் நினைக்கவில்லையாம். ஆனால் இரண்டு நாளைக்கு முன் தாயாரைப் பார்க்கப் போனபோது, ‘கிறிஸ்துமஸ் சுருள்கள் பத்திரமா?’ என்று அவர் கேட்டாராம். கணவர் தொழிற்சாலையில் கிறிஸ்துமஸ் காலத்தில் கொடுத்த மிகைச் சம்பளத்தில், ஒரு சுருளை அந்தந்த ஆண்டு எடுத்து வைத்தார்களாம். இடையிலுள்ள ஆண்டுகளில் வைக்க முடியாதபடி வறுமையாயிருந்ததாம். மகனுக்கு அதெல்லாம் தெரியாது.

பெரியவர் நான்கு சுருளையும், பிரித்த காகிதங்களையும் கொடுத்து, 40 டாலரை வாங்கிக்கொண்டார். வந்தவர் மேலும் 100 டாலரை நீட்டினார். பெரியவர் வாங்கவில்லை. உலையைத் தவணைக்குச் செப்பனிட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு மே வரை மாதம் 100 டாலர் கட்டினார் என்று பின்னர் மகள் தொலைபேசியில் சொன்னாள். என் மருமகன் இன்றைக்கும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. “அவர் செய்தது நல்லது, ஆனால் கடமை அல்ல” என்கிறார். அதுவும் யோசிக்கத்தக்க வார்த்தையே.

தொலைத்தவரும் தேடுகிறவரும்

பிரியமானவர்களே, பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்துவிட்டு விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கித் தேடின ஸ்திரீயின் உவமையை நாம் அறிவோம். அங்கே தொலைத்தவளே தேடுகிறாள். ஆகையால் கண்டுபிடித்தபோது அயலாரையும் அழைத்துச் சந்தோஷப்பட முடிகிறது. இந்தச் சில்லறைத் தேடலிலோ தொலைத்தவர் ஒருவர், தேடுகிறவர் வேறொருவர். தொலைத்தவருக்குத் தாம் தொலைத்ததே தெரியாது.

நான் யோசித்துப் பார்த்தேன். வெள்ளி நீங்கி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. அறிந்தவர்கள் 1960களிலேயே பதுக்கிவிட்டார்கள். 1980 ஜனவரியில் வெள்ளி 50 டாலரை எட்டியபோது, வைத்திருந்தவர்களில் அநேகர் விற்றார்கள். மலைமலையாய் நாணயங்கள் உலையில் உருகின. அப்படியிருக்க, இன்றைக்கு வங்கிச் சுருளில் ஒரு வெள்ளிக் காசு எப்படி வருகிறது? ஒருவர் மரித்திருப்பார், அல்லது வீட்டை விட்டுப் போயிருப்பார், அல்லது அவசரத்துக்கு உண்டியலை உடைத்திருப்பார், அல்லது திருடன் எடுத்துச் செலவழித்திருப்பான். 2020இல் கொள்ளை நோயினால் சில்லறை புழங்காமல் நின்று, ஜூன் மாதத்தில் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் நாணயங்களை அளந்து கொடுக்கத் தொடங்கிற்று. அப்பொழுது வங்கிகளும் கடைகளும், வீட்டு ஜாடிகளில் உள்ள சில்லறையைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று ஜனங்களைக் கேட்டன. தேடுகிறவருக்கு நற்செய்தியாய்த் தோன்றுகிற ஒவ்வொரு வெள்ளிக் காசுக்கும் பின்னால், ஏதோ ஒரு வீட்டில் சொல்லாமற்போன ஒரு சங்கதி இருக்கிறது.

இதனால் தேடுவது தவறென்று நான் சொல்லவில்லை. அடையாளமில்லாத காசுக்கு உரியவரைத் தேடி எவரும் அலைய முடியாது. அதைக் கண்டவர் சந்தோஷமாய் வைத்துக்கொள்ளட்டும். பெரியவரும் அந்த 159 காசுகளை இன்னும் வைத்திருக்கிறார். 2025 அக்டோபரில் வெள்ளி 50 டாலரைத் தாண்டியபோது, அவருடைய சிறு பெட்டி எத்தனை மதிப்பாகியிருக்கும் என்று கணக்கிட்டு மகிழ்ந்தேன். ஆனால் ஒருவருடைய கையெழுத்து அதன்மேல் இருக்குமானால், அது வெறும் உலோகமல்ல. என் பேரன் சொன்ன பென்சிலின் நியாயம் அதுதான்.

இது அமெரிக்கருக்கு மாத்திரம் உரிய காரியம் என்று எண்ணாதிருங்கள். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் குடியேறின நம்முடைய குடும்பங்களில் நடப்பதென்ன? ஊரில் தாயார் மரித்தால் நான்கு நாள் விடுப்பில் போகிறோம். அடக்க ஆராதனை முடிந்த மறுநாளே டிரங்குப் பெட்டியை ஒழிக்கிறோம். பழந்துணி ஒருபுறம், பித்தளைப் பாத்திரம் ஒருபுறம். முடிச்சுத் துணியில் இருந்த நாலைந்து பழைய ரூபாய்களை, செல்லாத காசு என்று பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்கிறோம். அல்லது தட்டானிடம் எடைக்குப் போடுகிறோம். விக்டோரியா ராணியின் ரூபாயில் கிட்டத்தட்ட 10.7 கிராம் வெள்ளி உண்டு. 1940க்குப் பின் வந்ததில் அதில் பாதிக்குச் சற்று மேல். இந்த வேறுபாடுகூடத் தெரியாமல் கொடுத்துவிடுகிறோம். கடையில் செல்லாது என்பதனால் அதற்கு விலையில்லை என்று ஆகிவிடாது. அதைக்காட்டிலும் பெரிய நஷ்டம், அது யார் கொடுத்த காசு, எந்த விசேஷத்துக்கு வைத்த காசு என்பது நமக்குத் தெரியாமற்போவதே.

ஆகையால் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். உங்கள் பெற்றோர் உயிரோடிருந்தால், அடுத்த விடுமுறையில் அவர்களோடு உட்கார்ந்து அந்தப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றும் என்னவென்று கேளுங்கள். கேட்டதை ஒரு காகிதத்தில் ஆண்டோடு எழுதி, பொருளோடு சேர்த்து வையுங்கள். அந்தத் தாயார் பென்சிலால் எழுதி வைத்த இரண்டு சொல்தான் அவருடைய வெள்ளியைத் திரும்பக் கொண்டுவந்தது. நீங்களே பெட்டி வைத்திருக்கிறவர்களானால், அதில் உள்ளதைப் பிள்ளைகளுக்கு இப்பொழுதே சொல்லுங்கள். தூர தேசத்திலிருந்து அவசரமாய் வருகிற பிள்ளைக்கு அன்றைக்குத் தேடிப்பார்க்க நேரம் இராது.

நானும் ஊர் திரும்பிய பின், என் தாயார் எனக்கு விட்டுச்சென்ற மூன்று ரூபாய்களை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒன்று 1907; இரண்டு 1944. அவற்றைத் தட்டிப் பார்த்தேன். முந்தினது தெளிவாய் ஒலித்தது, பிந்தினவை சற்று மங்கலாய் ஒலித்தன. முந்தினது என் பாட்டியாருக்குக் கலியாணத்தன்று கொடுத்தது. பிந்தினவை என் தகப்பனார் கொழும்பிலிருந்து திரும்பினபோது கொண்டுவந்த காசில் மிஞ்சியவை. இதை எழுதி மடித்து, மூன்றையும் அதில் பொதிந்து, உறையின்மேல் பேரனுடைய பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.